உமரி நின்ற உயரம்

போன வாரம் வேப்பம்பட்டில் என் வீட்டு முன்பக்கத்துக்குத் தரை போட ஏழுமலை என்ற கொத்தனார் வந்திருந்தார். மட்டம் பார்க்க லேசர் கருவியெல்லாம் வந்துவிட்ட காலத்திலும் அவர் நம்புவது பத்து மீட்டர் பிளாஸ்டிக் குழாயையும் அதற்குள் நிற்கும் தண்ணீரையும்தான். ஒரு நுனியைத் தான் பிடித்துக்கொண்டு மறுநுனியை என் கையில் திணித்தார். வீட்டுக்காரன் என்ற மரியாதையெல்லாம் மட்டம் பார்க்கிற நேரத்தில் செல்லாது. தண்ணீர் ஆடி அடங்கியதும் பார்த்தால், தெருப்பக்கம் வாட்டமாக இருக்கவேண்டிய தரை வாசற்படிப் பக்கம் சரிந்திருந்தது.

“உள்பக்கம் ரெண்டு இஞ்சு இறங்கியிருக்கே” என்றேன்.

“இன்னா சார் நீ, ரெண்டு இஞ்சுதானே? கண்ணுக்கா தெரியப் போவுது?”

“கண்ணுக்குத் தெரியாது. மழை பெஞ்சா தண்ணிக்குத் தெரியும்.”

கொஞ்சம் காரமாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஏழுமலை என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு சிமெண்ட் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். என் காரத்துக்குக் காரணம் அவரில்லை. அந்தக் குழாய்க்குள் பல நாளாகத் தேங்கிய தண்ணீரின் பாசி வாடை மூக்கில் ஏறியதும், எண்ணூர்ப் பக்கத்து உப்பங்கழிச் சேற்றில் முழங்கால்வரை புதைந்து நின்ற என் இருபத்துநாலு வயது ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஒரு பெண்ணின் நாலு வருஷப் படிப்பை இதே இரண்டு அங்குலத்தால் நான் கவிழ்க்கப் பார்த்தேன். அந்தக் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் வளர்ந்தது ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் குவார்ட்டர்ஸில். எங்கள் பிளாக்கில் சேலம், திருச்சி, தூத்துக்குடி, வேலூர் என்று எல்லா ஊரும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும். அப்பா தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. தலைமுடியைவிட மெல்லிய வித்தியாசத்தை அளந்து ஒரு பாகத்தைத் தள்ளிவிடுவதுதான் அவருக்கு வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. தோசை கனமாக இருக்கிறது என்பதைக்கூட மில்லிமீட்டரில்தான் சொல்வார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப நீங்களே ஊத்துங்க” என்பார். அப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்த பிள்ளைதான் இந்தத் தப்பைச் செய்தவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சிவில் டிப்ளமோ முடித்ததும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன சர்வே ஆபீஸில் சேர்ந்தேன். கீழே லேத் பட்டறை, மேலே நாங்கள். பட்டறை ஓடும்போது எங்கள் மேஜையில் பென்சில் தானாக நகரும். முதலாளியை எல்லோரும் ‘மட்டம் சார்’ என்றுதான் சொல்வோம், அவர் இல்லாதபோது. மட்டம் பார்க்கிற ‘லெவல்’ கருவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ரகம். “மனுஷன் தப்பு பண்ணுவான், லெவல் பண்ணாது” என்பது அவர் ஆபீஸுக்கே போட்ட சட்டம்.

என்னோடு களத்துக்கு வருகிறவன் தேவராஜ், வானகரத்துக்காரன், என் வயதுதான். அவன் வீட்டில் அதற்கு முந்தைய தலைமுறைவரை நாற்று நட்டவர்கள், அறுப்பு அறுத்தவர்கள். வயல் எல்லாம் மனையான பிறகு அண்ணன் கம்பெனிக்குப் போனான், இவன் எங்களிடம் வந்தான். ஸ்டாஃப் என்று நாங்கள் சொல்கிற, எண் எழுதிய நீளமான அளவுக்கோலைப் பிடித்து நிற்பது அவன் வேலை. கருவியின் கண்ணாடி வழியாகப் பார்த்து அந்தக் கோலில் தெரிகிற எண்ணைப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. எண் கூடினால் கோல் நிற்கிற இடம் பள்ளம், குறைந்தால் மேடு. மொத்த வித்தையும் அவ்வளவுதான், ஆனால் அதைச் சொல்லிக் கொடுக்க மூன்று வருஷம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பரிமளா எங்கள் குவார்ட்டர்ஸில் அடுத்த பிளாக். எனக்கு இரண்டு வயது மூத்தவள், அதனால் பிறந்ததிலிருந்து என்னை ‘டா’ போட்டுத்தான் பேசுவாள். அவர்கள் தூத்துக்குடிப் பக்கம். உப்பளக் கரைகளில் விளைகிற உமரிக்கீரையைச் சின்ன வயதில் அங்கே பார்த்திருக்கிறாள். தாவரவியல் முனைவர் பட்டத்துக்கு அதே உமரியையும் அதன் அக்கம்பக்கத்தாரையும் எடுத்துக்கொண்டு, எண்ணூர்க் கழியில் நாலு வருஷமாக அலைந்துகொண்டிருந்தாள். எந்தச் செடி எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளக்க ஆள் வேண்டும் என்று எங்கள் ஆபீஸுக்கு வந்தாள். மட்டம் சார் என்னைக் கைகாட்டினார். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, “இவனா?” என்றாள்.

சதுப்பு என்றால் என் மனதில் இருந்தது வெறும் சேறும் கொசுவும்தான். அதில் செடி நிற்கிற இடத்துக்கு உயரம் என்ன, பள்ளம் என்ன என்று கேட்டேன். அன்றைக்கு மின்சார ரயிலில் அவள் எனக்கு நடத்திய பாடத்தை, வாடகைக்கு வீடு தேடுகிறவர்களிடம்கூட நான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடல் தண்ணீர் ஒரு நாளில் இரண்டு தடவை கழிக்குள் ஏறி இரண்டு தடவை வடியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நன்றாக ஏறும். நடுவில் வருகிற நாட்களில் பாதி தூரத்திலேயே திரும்பிவிடும். ஆகவே ஓடைக்கரைச் சேறு தினமும் முழுகும். அதற்கு ஒரு சாண் மேலே இருக்கிற மண் மாதத்தில் பல நாள் நனையும். இன்னும் ஒரு சாண் மேலே போனால் மாதத்துக்கு நாலைந்து நாள்தான். சாலையோர மேட்டுக்குத் தண்ணீர் வருவது எப்போதாவது புயல் அடித்தால்தான். கண்ணுக்கு மைதானம் மாதிரி தெரிகிற நிலத்தில் செடிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு அத்துப்படி.

“நம்ம குவார்ட்டர்ஸ் மாதிரிதான்டா” என்றாள் பரிமளா. “டைப் ஒண்ணு, டைப் ரெண்டு, டைப் மூணுன்னு எப்படிப் பிரிச்சுக் குடுத்திருக்காங்க? அங்க கிரேடு. இங்க எத்தனை மணி நேரம் தண்ணியில நிக்க முடியும்ங்கிறதுதான் கிரேடு.”

ஓடையை ஒட்டி கண்டல் என்கிற அலையாத்தி மரங்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால் அவை வேரைப் பென்சில் பென்சிலாக வெளியே நீட்டி மூச்சு விடும். அதற்கு மேலே உமரி, கோடையில் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். அதற்கும் மேலே தடித்த இலையோடு தரையில் படர்ந்து ஊதாப் பூ பூக்கிற ஒரு கொடி. அடுத்து குத்துகிற புல். பிறகு ஒன்றுமே முளைக்காத வெள்ளைத் திட்டு. தண்ணீர் அங்கே அபூர்வமாக வந்து, வெயிலில் காய்ந்து, உப்பை மட்டும் விட்டுப் போய்விடும், அதனால் அந்த மண் கடலைவிட உப்பு. கடைசியில் சாலையோரம் நம் வேலிகாத்தான். கீழே குடியிருப்பவனுக்கு மூச்சு முட்டுகிற கஷ்டம். மேலே குடியிருப்பவனுக்கு உப்பும் வறட்சியும், போதாததற்கு இடத்தைப் பிடிக்கத் தள்ளுமுள்ளு. உமரி என்கிற செடி பௌர்ணமித் தண்ணீர் வந்து தொடுகிற விளிம்புவரைதான் போகும், அதைத் தாண்டிக் குடியேறாது என்பது பரிமளாவின் வாதம். ஆராய்ச்சி மொத்தமும் அந்த ஒரு வாக்கியத்தில் நின்றது.

ஓடையிலிருந்து சாலைவரை நேர்கோட்டில் நாற்பது முளைக்குச்சிகள் அடித்தோம். சாலையோர மதகின் சுவரில் உளியால் வெட்டிய பழைய உயரக் குறி ஒன்று இருந்தது. அதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு முளையின் பக்கத்திலும் கோலை வைத்து அளக்க வேண்டும். ஆவடியிலிருந்து ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்துப் போவோம். துணிப்பையில் சுற்றிய கோலைப் பார்த்து ரயிலில் யாராவது “துப்பாக்கியா?” என்று கேட்பார்கள். ஆவடியிலிருந்து வருகிறோம் என்றால் சந்தேகப்படத்தானே செய்வார்கள். தேவராஜ் முகத்தை மாற்றாமல், “ஆமா, கொக்கு சுடுறதுக்கு” என்பான். ஒருமுறை ஒரு பெரியவர் எழுந்து அடுத்த பெட்டிக்கே போய்விட்டார்.

வேலை ஆரம்பித்ததும்தான் சிக்கல் தெரிந்தது. கோலைச் சேற்றில் வைத்தால் அது பாட்டுக்கு உள்ளே இறங்கியது. நான் எண்ணைப் படிப்பதற்குள் அரை சாண் போய்விடும்.

“மச்சான், இது நிக்காது. என் காலே உள்ள போயிகினு கீது” என்று கத்தினான் தேவராஜ்.

அப்போது எனக்கு ஒரு யோசனை உதித்தது. உதித்திருக்க வேண்டாம். மறுநாள் லேத் பட்டறை வாசலில் கிடந்த, மெஷின் வந்த பெட்டியின் பலகை ஒன்றை எடுத்துக்கொண்டேன். முழ நீளம், நல்ல கனம். அதைச் சேற்றின்மேல் போட்டு அதன்மேல் கோலை வை என்றேன். கோல் கம்பீரமாக நின்றது. “இன்னாமா யோசிக்கிறான்யா என் மச்சான்!” என்று தேவராஜ் கழியில் இருந்த கொக்குகளுக்கெல்லாம் கேட்கும்படி என்னைப் புகழ்ந்தான். பரிமளாகூட, “பரவால்லயே” என்றாள். எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. சேறாக இருக்கிற இடத்தில் பலகை, கெட்டியான இடத்தில் பலகை இல்லாமல் என்று மூன்று நாளில் நாற்பது முளையையும் முடித்தோம். மதகுக் குறியில் கோலை வைத்தபோது பலகை கிடையாது, அது கல் ஆயிற்றே.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரிய மூன்று மாதம் ஆயிற்று.

உயரங்களைக் கணக்குப் போட்டு, சுத்தமாகத் தட்டச்சு செய்து, மட்டம் சார் கையெழுத்தோடு கொடுத்தோம். அதே மதகுக் குறியை வைத்து ஓடையில் நட்டிருந்த அளவுக்கம்பத்தில் தண்ணீரின் ஏற்ற இறக்கத்தையும் பரிமளா மாதக்கணக்கில் குறித்து வைத்திருந்தாள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது அவள் முகம் சுருங்கிவிட்டது. எங்கள் கணக்குப்படி, எவ்வளவு பெரிய பௌர்ணமித் தண்ணீர் வந்தாலும் பன்னிரண்டாம் முளையோடு நின்றுவிட வேண்டும். உமரியோ பதினேழாம் முளைவரை கும்மென்று வளர்ந்திருந்தது. அதாவது தண்ணீரே வராத இடத்தில் உமரி இருக்கிறது. அதாவது பரிமளா நாலு வருஷம் சொன்னது தப்பு.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் நல்ல மனிதர்தான். “அளவு என்ன சொல்லுதோ அதை எழுதும்மா” என்றார். இவளும் எழுதினாள். உமரிக்கும் கடல் தண்ணீரின் ஏற்ற இறக்கத்துக்கும் இங்கே தொடர்பு இல்லை என்று தன் கையாலேயே ஒரு அத்தியாயம் எழுதி, தன் வாதத்தைத் தானே மூடினாள். அந்த மாதக் கடைசியில் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். தை மாதம் அவள் அப்பாவுக்கு ரிட்டயர்மெண்ட். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்விட்டால் அதன்பிறகு படிப்பு ஏது, ஆய்வு ஏது? மாப்பிள்ளை பார்ப்பதற்கு அங்கே இரண்டு அத்தைமார் தயாராக இருந்தார்கள். தள்ளிப்போட அவளுக்கு நேரமே இல்லை.

ஒப்படைக்கும் முன்னால் ஒரே ஒரு தடவை பௌர்ணமித் தண்ணீரை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றாள். அது ஐப்பசி, மழை இன்னும் வலுக்கவில்லை. காலை ஒன்பது மணிவாக்கில் தண்ணீர் உச்சிக்கு வரும். நாங்கள் மூன்று பேரும் எட்டு மணிக்கே போய், பதினேழாம் முளைக்குக் கொஞ்சம் கீழே அந்தப் பலகையைப் போட்டு, அதன்மேல் டிபன் கேரியரை வைத்துத் திறந்தோம். தண்ணீர் இங்கே வராது என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. பரிமளாவின் அம்மா இட்லிக்கு எண்ணெய் தடவி மிளகாய்ப்பொடி வைத்துக் கொடுத்திருந்தார்.

உப்பங்கழியில் தண்ணீர் அலையடித்துக்கொண்டு வராது. நண்டு வளைகளில் முதலில் கொப்புளம் விடும். பிறகு செடிகளுக்கு நடுவில் மண் மினுங்கும். ஏதோ வியர்த்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நீங்கள் அடுத்த இட்லியை எடுப்பதற்குள் பாதம் நனைந்திருக்கும். பன்னிரண்டாம் முளை நனைந்தது. பதினாலு நனைந்தது. “காத்து மச்சான், வாடைக் காத்து தள்ளிகினு வருது” என்றான் தேவராஜ். நானும் ஆமாம் போட்டேன். ஆனாலும் மனசு கேட்காமல் எழுந்து அளவுக்கம்பத்தைப் பார்க்கப் போனேன். காற்றோ புயலோ, தண்ணீரின் மட்டம் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். கம்பத்தில் இருந்த குறிப்படி பதினேழாம் முளை தண்ணீருக்கு மேலே இரண்டு அங்குலம் நிற்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் பரிமளா புடவையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கிறாள், முளையின் காலில் தண்ணீர் சுற்றுகிறது. அந்த விளிம்பில்தான் உமரியும் நின்றுபோயிருந்தது, கோடு கிழித்த மாதிரி.

அந்த நேரம் பார்த்துப் பலகை மிதந்தது.

“அய்யோ, பலகை போவுது! மச்சான், பலகை! பலகை!” என்று தேவராஜ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் விழுந்தடித்து ஓடினான். கேரியர் மூடி ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். பரிமளா சிரிக்கவே ஆரம்பித்துவிட்டாள், பாவம். நான் சிரிக்கவில்லை. பலகை பாதி முழுகிப் பாதி வெளியே தெரிந்தபடி என்னைத் தாண்டிப் போனது, அதன் கனம் எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. கோலை நான் வைத்தது தரையின்மேல் இல்லை, பலகையின்மேல். பலகை போட்ட ஒவ்வொரு இடத்தையும் அதன் கனத்தளவு மேடாக்கி எழுதியிருக்கிறேன். உமரி ஒரு தப்பும் செய்யவில்லை.

கேவலம் என்னவென்றால், யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. பரிமளா, “ஐப்பசியில கடல் கொஞ்சம் பொங்கும்தான், இதை அடிக்குறிப்பா போட்டுடறேன்” என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அத்தோடு போய்விடும். ஸ்டேஷனுக்கு நடக்கும்போது தேவராஜிடம் மெதுவாகச் சொன்னேன். அவன் அப்படியே நின்றுவிட்டான்.

“சொல்லாத மச்சான். மட்டம் சாருக்குத் தெரிஞ்சா என் சீட்டு கிய்ஞ்சிரும். ஊட்ல பொண்ணு பாத்துகினு கீறாங்க.”

“பலகை என் யோசனைடா. உன் பேரு வராது.”

“அப்போ உன் சீட்டு கிய்ஞ்சிரும். அது மட்டும் நல்லாவா கீது?”

பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி உட்கார்ந்தோம். பரிமளா அந்த அத்தியாயத்தை மடியில் வைத்துக்கொண்டு, உமரியைப் பற்றித் தான் முன்பு எழுதியிருந்த வரிகளைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தாள். வில்லிவாக்கம் தாண்டியது. நாலு வருஷம் வெயிலில் கறுத்த கை அது. அது அடிப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. அம்பத்தூர் வருவதற்குள் சொல்லிவிட்டேன். கோர்வையாக ஒன்றும் சொல்லவில்லை, பலகை, கனம், மதகு என்று உளறினேன். அவளுக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பென்சிலைப் பைக்குள் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பியபடியே, “உங்க கருவிய நம்பி நான் செடியச் சந்தேகப்பட்டுட்டேன்டா” என்றாள். என் வாழ்க்கையில் நான் வாங்கிய பெரிய திட்டு அதுதான்.

அவளைத் தேற்றுவதற்காக, பலகை கனத்தைக் கழித்துவிட்டால் தீர்ந்தது, ஒரு மணி நேர வேலை என்றேன். “எந்தெந்த முளையில பலகை போட்டீங்க?” என்று கேட்டாள். புத்தகத்தில் அது எழுதியில்லை. தேவராஜ் தலையைச் சொறிந்து, “மேடம், உமரி இருந்த எடத்துல போட்டோம், புல்லு இருந்த எடத்துல போடல. எந்த முளையில இன்னா செடின்னு நீங்க எழுதி வெச்சிருக்கீங்கல்ல? அத்த வெச்சுக் கண்டுபுடிச்சிடலாம்” என்றான். எனக்கு அது பிரமாதமான யோசனையாகத் தோன்றியது. பரிமளா கூடாது என்று தலையை ஆட்டிவிட்டாள்.

“செடிய வெச்சு உயரத்தைத் திருத்திட்டு, அதே உயரத்தை வெச்சு செடியப் பத்தி எழுதினா அது ஏமாத்து. எனக்கு வேண்டிய பதிலை நானே உள்ள வெச்ச மாதிரி ஆயிடும். மறுபடியும் அளக்கணும்.”

மறுநாள் பலகையோடு மட்டம் சார் முன்னால் நின்று நடந்ததைச் சொன்னேன். அவர் பலகையை வாங்கி, ஸ்கேல் வைத்து நாலு மூலையிலும் அளந்தார். ஐம்பத்திரண்டு மில்லி. பிறகு கருவியைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தார். என் சீட்டைக் கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். “கையெழுத்து போட்டவன் நான்” என்றார். “நானும் வரேன்.” கீழே பட்டறையில் ஒரு இரும்புத் தகடு வெட்டி, கோலின் அடியில் பொருத்தச் சொன்னார். மதகுக் குறியிலிருந்து கடைசி முளைவரை எல்லா இடத்திலும் அதே தகடு. எங்கேயும் கூடாது, எங்கேயும் குறையாது.

பௌர்ணமி முடிந்து இரண்டாம் நாள். தண்ணீர் வடிந்து திரும்புவதற்குள் நாலு மணி நேரம் கிடைத்தது. மட்டம் சார் பேண்டை மடித்துக்கொண்டு சேற்றில் நின்று எண்களைப் படித்தார், நான் எழுதினேன், தேவராஜ் வயலில் பழகிய கால்களோடு முளைக்கு முளை தாவினான், பரிமளா ஒவ்வொரு முளையிலும் செடியைத் தனியாக எழுதினாள். அவள் நோட்டை நான் பார்க்கக்கூடாது, என் நோட்டை அவள் பார்க்கக்கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. மேகம் கறுத்துக்கொண்டே வந்தது. கடைசி மூன்று முளைகள் பாக்கி இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது, ஓடையும் ஏற ஆரம்பித்துவிட்டது. “பரவால்ல, காலியா விட்டுடறேன், அளக்கலைன்னு எழுதறேன்” என்றாள்.

மதகுச் சுவரோரம் குடைக்குக் கீழே வைத்தே இரண்டு நோட்டையும் சேர்த்துப் பார்த்தோம். அவள் செடியின் பெயரைச் சொல்ல, நான் உயரத்தைச் சொன்னேன். கண்டல் எல்லாம் ஒரு பக்கம். அதற்கு மேலே ஒரு சாணுக்குள் உமரி, ஒன்றுகூட வெளியே இல்லை. அதன் மேல்விளிம்பு பௌர்ணமித் தண்ணீரின் கோட்டில் அப்படியே உட்கார்ந்தது. பிறகு ஊதாப் பூ, பிறகு புல், வரிசை மாறவில்லை. பரிமளா நாற்பதுக்கு முப்பத்தேழு என்று எண்ணிவிட்டு அழுதாள். மட்டம் சார் மழையைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். தேவராஜ் மட்டும், “நான் அப்பவே சொன்னேன் மேடம், செடி பொய் சொல்லாது” என்றான். அவன் சொல்லவே இல்லை. அன்றைக்கு அதை யாரும் கேட்கவில்லை.

ஆய்வேடு கடைசி நாளில் போய்ச் சேர்ந்தது. தை மாதம் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போனார்கள், பரிமளா ஆய்வேட்டை முடித்துவிட்டுத்தான் போனாள், முனைவர் பட்டம் அடுத்த வருஷம் கைக்கு வந்தது. இப்போது அந்தப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் துறைத்தலைவர். அத்தைமார் பார்த்த மாப்பிள்ளைகள் எல்லாம் வேறு இடத்தில் நல்லபடியாக இருக்கிறார்கள். தேவராஜ் வானகரத்தில் சொந்தமாக வண்டி வைத்து ஓட்டுகிறான். மட்டம் சார் இல்லை. லேத் பட்டறையும் எங்கள் மாடியும் இருந்த இடத்தில் கண்ணாடிச் சுவரோடு ஒரு கட்டடம் நிற்கிறது. உள்ளே எல்லோரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நானும் தனியாகத் தொழில் ஆரம்பித்து, இப்போது செயற்கைக்கோளைப் பார்த்து அளக்கிற கருவிகள் வைத்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் குத்தம்பாக்கத்துப் பக்கம் ஒரு வேலையில் இருந்தபோது காண்ட்ராக்டர் ஒருவர் கூப்பிட்டார். வடக்கே துறைமுகச் சாலையில் சரக்கு லாரிகள் நிற்க ஒரு பெரிய தளம் போட்டிருக்கிறார்கள், மட்டம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றார். போகிற வழியெல்லாம் எனக்கு அடையாளமே தெரியவில்லை. வண்டியை விட்டு இறங்கி ஓடை வளைவதைப் பார்த்ததும்தான் எங்கே நிற்கிறேன் என்று புரிந்தது. மதகு இல்லை, அந்த இடத்தில் அகலமான பாலம். ஓடைக்கரையிலிருந்து சாலைவரை ஆள் உயரத்துக்கு மேல் மண் கொட்டி, உருளை ஓட்டி, கான்கிரீட் போட்டிருந்தார்கள். திரும்பிப் போயிருக்கலாம். என் ஆட்கள் கருவியை இறக்கிவிட்டார்கள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

மத்தியானம் பரிமளாவுக்குப் போன் போட்டேன்.

“எங்கடா இருக்க?”

“நம்ம கழியிலதான். உமரிக்கு மேல நிக்கிறேன்.”

அவள் பழைய பழக்கத்தில், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பவளைப் போலக் கேட்டாள்.

“ஒவ்வொரு எடமும் எவ்வளவு வருது?”

“எல்லா எடமும் ஒண்ணுதான்.”

“செடி?”

“இல்ல.”

“சரி, எழுதிக்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

எழுதினேன். ஓடைப் பக்கத்திலிருந்து சாலைப் பக்கம்வரை, பக்கத்துக்குப் பக்கம் ஒரே எண். சாயங்காலம் காண்ட்ராக்டரின் என்ஜினீயர் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான ரிப்போர்ட்டைப் பார்த்ததில்லை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் சொன்னது உண்மைதான். இத்தனை வருஷத் தொழிலில் நான் எழுதியதில் ஒரு தப்புகூட இல்லாத லெவல் புத்தகம் அது ஒன்றுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.